ஆசாரிப்பள்ளம் – பெருவிளை பக்கம் இடம் வாங்குறோம், அங்கே குடியிருக்கிறவங்க சொல்லுங்க

மாடக்குளத்தான் (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குச் சொந்த ஊர் மதுரை. வீட்டுக்காரிக்கு நாகர்கோவில் ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு மாறுதல் கிடைச்சு ஒன்பது மாசம் ஆகுது. பார்வதிபுரத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கோம். அம்மாவுக்கு முட்டுவலி. படி இறங்கினா ஏற முடியலை, ஏறினா இறங்க முடியலை. பிள்ளைங்க ரெண்டு பேரும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ந்து, "வந்தியளா, போனியளா"ன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. இனிமே இந்த ஊர்தான்னு முடிவு பண்ணிட்டோம்.

ரெண்டு இடம் பார்த்து வச்சிருக்கோம். முதல் இடம் சானல்கரையை, அதாவது பாசனக் கால்வாய்க் கரையை, ஒட்டி ஆறு சென்ட். முன்னால நல்ல அகலமான ரோடு. மனை சதுரமா இருக்கு. செம்மண் அடிச்சு மட்டம் பண்ணி, எல்லைக்கல்லும் நட்டு வச்சிருக்காங்க. ரெண்டாவது இடம் பெருவிளை உள்ளே, கொஞ்சம் மேட்டில் நாலரை சென்ட். நாலு மூடு தென்னை, ஒரு பழைய கிணறு. ஆனா உள்ளே போற பாதை எட்டடிதான் இருக்கும். சென்ட் விலை வேறவேறன்னாலும் மொத்தத்தில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகைக்கு வருது.

எனக்கு மனசு முதல் இடத்தில்தான் நிக்குது. வீட்டுக்காரி கூட வேலை பார்க்கிற ஒரு அக்கா மட்டும், "இடத்தைப் பார்க்காதீங்க, இடம் முன்னால என்னவா இருந்துச்சுன்னு கேளுங்க"ன்னு சொல்லிட்டாங்க. அதான் கேக்குறேன். அந்தப் பக்கம் முன்னால எப்படி இருந்தது? மழைக்குத் தண்ணி நிக்குமா? கிணத்துத் தண்ணி எப்படி? பஸ், கடை, சந்தை வசதி எல்லாம் எப்படி? தெரிஞ்சவங்க சொன்னா உதவியா இருக்கும்.


வடசேரி ஆட்டோ

அண்ணாச்சி, நான் பதினோரு வருஷமா அந்தப் பக்கம் சவாரி போறவன். போக்குவரத்து எனக்குத் தெரியும், அதை மட்டும் சொல்லுதேன்.

அண்ணா பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆசாரிப்பள்ளத்துக்கு டவுன் பஸ் உண்டு. மெடிக்கல் காலேஜ் இருக்கதால அந்த ரூட்டில் பஸ் இல்லைன்னு யாரும் நிக்க வேண்டியதில்லை. வெளியூர் போகணும்னா வடசேரி கிறிஸ்டோபர் பஸ் ஸ்டாண்டுக்கு வரணும். மதுரை, திருநெல்வேலி பஸ் எல்லாம் அங்ஙனதான். ரெயிலுக்குக் கோட்டாறு ஜங்ஷன். டவுன் ஸ்டேஷன்னு இன்னொண்ணு இருக்கு, ஜங்ஷனுக்கு உள்ள வராம நேரா திருவனந்தபுரம் போற வண்டிகள் அங்கே நிக்கும். டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் போட்டிருக்குன்னு பாத்துட்டு ஆட்டோ ஏறுங்க. மாசத்துக்கு ரெண்டு குடும்பமாவது தப்பான ஸ்டேஷன்ல இறங்கி ஓடுறதை நான் பாக்கேன்.

பார்வதிபுரத்தில் மேம்பாலம் வந்த பிறகு பழைய 47-ம் நம்பர் ரோட்டு நெரிசல் குறைஞ்சிருக்கு. ஆனா காலையில் எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை பாலத்துக்கு அடியில் பள்ளிக்கூட வண்டிகளும் காலேஜ் பஸ்களும் ஒண்ணாச் சேரும். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற நேரத்தை அதுக்குத் தக்கபடி வச்சுக்கிடுங்க.

எட்டடிப் பாதையில் ஆட்டோ போகும். எதிரில் இன்னொரு ஆட்டோ வந்தா ரெண்டில் ஒண்ணு பின்னால எடுக்கணும்.


சானல் லஸ்கர்

தம்பி, உங்களுக்கு அந்த அக்கா சொன்ன சொல் பெரிய சொல். நான் பொதுப்பணித்துறையில் லஸ்கரா இருந்து ஓய்வு பெற்றவன். ஷட்டர் தூக்குறது, மடை பார்க்கிறது, கரை அறுத்தா மணல்மூட்டை அடுக்குறது, கடைவரம்புக்குத் தண்ணி போய்ச் சேர்ந்துதான்னு சைக்கிள்ல போய்ப் பார்க்கிறது, இதுதான் முப்பத்தொரு வருஷம் என் சோறு. அனந்தனாறு சானல் கரையில் நான் நடக்காத அடி குறைவு. கொஞ்சம் நீளமா எழுதுதேன், பொறுமையா வாசிங்க.

முதல்ல ஊர்ப்பேரைப் பாருங்க. எங்க பக்கத்தில் 'விளை'ன்னு முடியிற ஊர் எல்லாம் மேட்டு நிலமாக்கும். தென்னை, மா, பலா, புளி நின்ன பூமி. பெருவிளை, கட்டையன்விளை, தட்டான்விளை எல்லாம் அப்படி வந்ததுதான். நெல் விளைஞ்ச வயல் பரப்புக்குப் 'பத்து'ன்னு பேர், பத்திரத்தில் 'பற்று'ன்னு எழுதியிருப்பாங்க. பள்ளம், குளம்னு பேர் இருந்தா அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய ஆட்கள் வீட்டை விளையில் வச்சாங்க, நெல்லைப் பத்தில் வச்சாங்க. பத்தில் வீடு கட்டுறது என்பது எங்க அப்பா காலத்தில் யாருக்கும் யோசனையில்கூட வராத காரியம். நாகராஜா கோயிலில் பிரசாதமாக் கொடுக்கிறதே கருவறையில் எடுக்கிற ஈரமண்தான். இந்த நகரத்துக்குப் பேர் கொடுத்த சாமியே ஈரத்தில்தான் இருக்கார். வயலும் தண்ணியுமாக் கெடந்த பூமி இது, தம்பி. அதை மறந்துட்டுக் கட்டினா வீடு நமக்கு நினைவுபடுத்தும்.

இப்ப சானலுக்கு வாறேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம் ரெண்டு தாலுகாவும் சேர்ந்ததுதான் பழைய நாஞ்சில்நாடு, திருவிதாங்கூருக்கே நெல் கொடுத்த பூமி. வாய்க்கால்கள் எல்லாம் ராஜாக்கள் காலத்திலேயே உண்டு. கோதையாற்றில் பேச்சிப்பாறை அணையை மின்சின்னு ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் கட்டினார், 1906-ல் முடிஞ்சது. அவருக்குக் கல்லறையும் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கு. அணைக்குப் போனா நான் அங்கே ஒரு நிமிஷம் நின்னுட்டுத்தான் வருவேன், எங்களுக்கெல்லாம் சோறு போட்ட மனுஷன். அணை வந்த பிறகு கன்னிப்பூ, கும்பப்பூன்னு ரெண்டு போகமும் நிலைச்சது. கன்னிப்பூ ஆவணி, புரட்டாசியில் அறுப்பு, கும்பப்பூ மாசியில் அறுப்பு. அதுக்குத் தக்கபடி ஜூனில் அணையைத் திறந்து, பிப்ரவரி கடைசியில் அடைப்பாங்க.

இதில் வீடு வாங்குறவனுக்கு ரெண்டு சங்கதி இருக்கு.

ஒண்ணு, சானல் எப்பவும் மேட்டோட அடிவாரத்தை ஒட்டித்தான் போகும். அதுக்கு ஒரு பக்கம் விளை, மறுபக்கம் வயல். தண்ணி தானா இறங்கிப் பாயணும்னா அப்படித்தான் வெட்ட முடியும். அதனால "சானல்கரை மனை"ன்னு ஒருத்தன் சொன்னா, எந்தக் கரைன்னு கேக்கணும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லுதேன். கரையில் நடந்து போய் மடையைப் பாருங்க. கல்லுக்கட்டில் ஒரு சின்ன வாய் இருக்கும், பலகையோ சின்ன ஷட்டரோ கெடக்கும், சில இடத்தில் காட்டுச்செடி மூடியிருக்கும். மடை எந்தப் பக்கம் வாய் வச்சிருக்கோ அந்தப் பக்கம் வயல். உங்க மனை அந்தப் பக்கம்னா நீங்க வாங்கப்போறது பத்து. செம்மண் அடிச்சு, கல் நட்டு, எத்தனை பேர் வச்சாலும் அது பத்துதான்.

ரெண்டு, கிணத்துத் தண்ணியை மழைக்காலத்தில் பார்த்து ஏமாறாதீங்க. சானலில் தண்ணி ஓடும்போது சுத்துவட்டாரக் கிணறெல்லாம் ஊறி நிக்கும், கையை விட்டு அள்ளலாம். மார்ச்சில் சானல் காய்ஞ்சதும் அந்தக் கிணறுகளுக்கு உண்மை முகம் தெரியும். சித்திரையில் போய்க் கயிறு விட்டுப் பாருங்க. மாநகராட்சி குடிதண்ணி முக்கடல் அணையிலிருந்து வருது, புத்தன் அணைத் திட்டத்திலும் வருது. ஆனா கோடை முத்தினா முக்கடல் இறங்கிடும். சொந்தக் கிணறு இருக்கிறவன் அப்ப நிம்மதியா இருப்பான்.

தண்ணி நிக்குமான்னு கேட்டிருக்கீங்க. 2021 நவம்பர் மழையை நான் சொல்லியாகணும். அப்ப எனக்கு ஓய்வு கிடைச்சு நாலு வருஷம் ஆச்சு. ராத்திரி ஒரு மணி இருக்கும். எங்க தெருவுக்குக் கீழ, வயலை மண் போட்டு நிரத்தின பிளாட்டில் வீடு கட்டியிருந்த ஒரு பையன் வந்து கதவைத் தட்டினான். "தாத்தா, வீட்டுக்குள்ள தண்ணி வருது, ரோட்டில் தண்ணி இல்லை"ன்னு சொன்னான். டார்ச்சை எடுத்துட்டுப் போனேன். அவன் சொன்னது சரிதான். ரோடு ஈரமாத்தான் கெடந்தது, ஓடலை. வீட்டுக்குள்ள கணுக்கால் அளவு தண்ணி. அடுக்களையில் பாத்திரம் கழுவுற இடத்து ஓட்டையிலிருந்து குமிழ் விட்டு வருது. டைல்ஸ் போட்ட இடுக்கிலிருந்து நூல் நூலாக் கசியுது. பிள்ளையைக் கட்டிலில் தூக்கி வச்சிருந்தாங்க, பாலாடையைக் கையில் பிடிச்சுட்டு அந்தப் பிள்ளையோட அம்மா நிக்கா. சுவரோரம் ஒரு நண்டு ஏறிட்டு இருந்தது, வயல் நண்டு.

அந்த நண்டைப் பார்த்ததும் எனக்கு இடம் பிடிபட்டுது. அந்த அடுக்களை இருக்கிற இடத்தில் முன்னால ஒரு வடிகால் ஓடை. வயலில் மிஞ்சின தண்ணி எல்லாம் அதில் இறங்கித்தான் கீழ்க் குளத்துக்குப் போகும். நான் அதில் முழங்கால் சேற்றில் நின்னு எத்தனையோ தடவை அடைப்பு எடுத்திருக்கேன். பிளாட் போட்டவங்க மேல இருக்கிற மடையை அடைச்சாங்க, கீழ இருக்கிற ஓடையையும் மூடிட்டாங்க. மடையை அடைச்சா வயலுக்குத் தண்ணி வராது, அவ்வளவுதான். ஓடையை மூடினா வானத்துத் தண்ணி எங்கே போகும்? தரைக்குள்ளேயே நின்னு மேல ஊறி வருது. அந்தப் பையன் கடன் வாங்கிக் கட்டின வீடு. விடியும்வரை ரெண்டு பேரும் வாளியில் கோரி ஊத்தினோம். இறைக்க இறைக்க வந்துட்டே இருந்தது.

அதனால உங்க முதல் இடத்துக்கு ஒரு கடப்பாரையை எடுத்துட்டுப் போங்க. விக்கிறவர் கூட இல்லாத நேரமாப் போங்க. மூலையில் மூணு அடி ஆழம் குத்திப் பாருங்க. மேல செம்மண் வரும், அது டெம்போவில் வந்த மண். அதுக்குக் கீழ கறுத்த களிமண் வந்து, அதில் வெள்ளை வெள்ளையா நத்தை ஓடு கெடந்தா அது வயல். மண்ணை எடுத்து மோந்து பாருங்க, சேத்து வாடை அடிக்கும். அந்த வாடை ஐம்பது வருஷம் ஆனாலும் போகாது.

என் அபிப்பிராயம் கேட்டா, நாலரை சென்ட் விளையை வாங்குங்க. ஆறு சென்ட் பத்து வேண்டாம்.


பெருவிளை மருமகள்

லஸ்கர் ஐயா சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனா இன்னொரு பக்கத்தையும் சொல்லணும். நான் கல்யாணம் ஆகி வந்து இருந்தது ஐயா சொல்ற அதே மாதிரி விளைக்குள்ள. இப்ப இருக்கிறது வயலை நிரத்தின இடத்தில். ரெண்டிலும் வாழ்ந்து பார்த்துட்டேன்.

விளையில் இருந்த வீட்டுக்கு ஆறேழு அடி இடவழிதான். வீடு குளுகுளுன்னு இருக்கும், கிணறு சித்திரையிலும் வத்தாது, பின்னால ஒரு பலா, ஒரு மூடு செந்துளுவன் வாழை, ரெண்டு மூடு மட்டி வாழை. சொர்க்கம்னு சொல்லுவேன். என் மாமனாருக்கு ஒரு நாள் விடியக்காலம் நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் பத்தே நிமிஷத்தில் மெயின் ரோட்டுக்கு வந்துட்டு. உள்ளே வர முடியலை. பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உக்கார வச்சு நாலு பேர் தூக்கிட்டு நடந்தாங்க. ரெண்டு பக்கமும் காம்பவுண்டு, திருப்பத்தில் நாற்காலியைச் சரிச்சுத்தான் திருப்ப வேண்டியிருந்தது. அவர் என் கையைப் பிடிச்சிருந்தார், சுவரில் உரசி என் முழங்கை தோல் போனதுகூட எனக்கு அப்ப தெரியலை. பிழைச்சுட்டார், அதுக்குப் பிறகு ஏழு வருஷம் இருந்தார். ஆனா அன்னைக்கு நடந்த அந்த எண்பது அடி தூரத்தை நான் இன்னும் மறக்கலை. முட்டுவலி உள்ள அம்மாவை வச்சிருக்கிறவங்க எட்டடிப் பாதையைச் சாதாரணமா எடுத்துக்கிடக் கூடாது.

வயல்ல வீடு கட்டினவங்க எல்லாரும் ஏமாந்தவங்க இல்லை. எங்களுக்கு விளையில் வாங்கப் பணம் இல்லை. தெரிஞ்சேதான் வாங்கினோம். மண் அடிச்சு ரெண்டு மழைக்காலம் சும்மா போட்டு வச்சிருந்தோம், மண்ணு தாழ்ந்து இறுகட்டும்னு. ரோட்டு மட்டத்துக்கு மேல நாலரை அடி பேஸ்மென்ட் ஏத்தி, கருங்கல் அஸ்திவாரத்துக்கு மேல கான்கிரீட் பெல்ட் போட்டோம். செலவுதான், ஆனா 2021-ல் எங்க வீட்டுக்குள்ள தண்ணி வரலை. நாலு நாள் வாசலில் நின்னது. செப்டிக் டேங்க் நிரம்பி வழிஞ்சது, அதைச் சொல்லாம விட்டா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். அந்த நாலு நாளும் என் நாத்தனார் வீட்டுக்குப் போய்த்தான் குளிச்சோம். ஒக்கி புயலில் 2017-ல் கரண்ட் இல்லாம இருந்ததைவிட எனக்கு அந்த நாலு நாள்தான் கஷ்டம்.

மத்த வசதி கேட்டீங்க. காய்கறிக்கு வடசேரி கனகமூலம் சந்தை. நேந்திரங்காய் வாங்கினா எங்க ஊர் ஆட்களிட்ட "ஏத்தங்காய்"னு கேளுங்க, உடனே தெரியும். மட்டிப் பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுட்டு, பிள்ளைங்களுக்கு அதைப் பழக்குங்க, குழந்தைக்கு முதல்ல மசிச்சுக் கொடுக்கிறதே நாங்க மட்டிதான். மீன் வாசலுக்கே வரும். கடற்கரையிலிருந்து அம்மாமார் காலையில் பத்து மணிக்குள்ள வந்துடுவாங்க. சாளை, நெத்திலி, அயிலை. மதுரைக்காரங்களுக்கு விலை தெரியாதுன்னு யாரும் கூட்டிச் சொல்ல மாட்டாங்க, ஒரு மாசம் ஒரே அம்மாவிட்ட வாங்கினா அவங்களே நல்லது எடுத்து வச்சுத் தருவாங்க. எனக்கு வாறவங்க மீனை வெட்டிக்கிட்டே புளிமுளம்ங்கிற மீன்குழம்புக்கு எவ்வளவு தேங்காய், தீயலுக்கு எவ்வளவு வறுக்கணும்னு எல்லாம் சொல்லிக் கொடுத்தவங்க.

சின்னச் சின்ன சாமான் வாங்க நடந்து போற தூரத்தில் கடை உண்டு. ஆஸ்பத்திரி வாசல் பக்கம் மருந்துக்கடை, சாப்பாட்டுக்கடை எல்லாம் உண்டு. மெடிக்கல் காலேஜ் 2001-ல் வந்தது, அதுக்கு முன்னால அது டி.பி. ஆஸ்பத்திரி. எங்க மாமியார் காலத்தில் அந்தப் பக்கம் போறதுக்கே ஆட்கள் தயங்குவாங்களாம். இப்ப அதை நம்பித்தான் அந்தச் சுத்துவட்டாரமே இருக்கு. பேரூராட்சியா இருந்த ஆசாரிப்பள்ளம் நாகர்கோவில் மாநகராட்சிக்குள்ள வந்தாச்சு, தீர்வை அதுக்கேத்த மாதிரி இருக்கும்.


வடசேரி ஆட்டோ

மருமகள் அக்கா சொன்ன பிறகு ஒண்ணு சேக்கணும்னு தோணுது. முதல் இடத்தை விடாம யோசிச்சுட்டு இருந்தீங்கன்னா, பிளாட்டுக்கு டிடிசிபி, அதாவது நகர ஊரமைப்புத் துறை, அப்ரூவல் இருக்கான்னு பாருங்க. அப்ரூவல் இல்லாத மனையை 2016 அக்டோபர் 20-க்கு முன்னால மனையாவே பத்திரம் பண்ணியிருந்தா வரன்முறைப்படுத்த அரசு வழி வச்சிருந்தது, இப்பவும் உண்டான்னு கேட்டுப் பாருங்க. அதுக்குப் பிறகு வயலை மனையாப் பிரிச்சுப் போட்டிருந்தா பத்திரமே நடக்காது. என் மச்சினன் அட்வான்ஸ் கொடுத்துட்டு ஒண்ணரை வருஷம் அலைஞ்சான்.


மாடக்குளத்தான்

எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வந்தோம். வீட்டுக்காரியும் வந்தாங்க, பையனையும் கூட்டிட்டுப் போனேன்.

லஸ்கர் ஐயா, சானல்கரையில் நடந்து மடையைத் தேடினோம். பையன்தான் முதல்ல பார்த்தான். கல்லுக்கட்டு, நடுவில் சிமென்ட் பூசி அடைச்சிருக்கு, மேல வேலிப்பருத்திக் கொடி படர்ந்து கெடக்கு. வாய் எங்க மனை இருக்கிற பக்கம்தான். கடப்பாரையும் கொண்டு போயிருந்தோம். ரெண்டரை அடியிலேயே கறுப்பு மண் வந்துட்டு. நத்தை ஓடு ஒண்ணு இல்லை, ஒரு பிடி வந்தது. பையன் அதைக் கழுவி வீட்டில் ஜன்னலோரம் வரிசையா அடுக்கி வச்சிருக்கான். மோந்து பார்த்தேன் ஐயா. மாடக்குளம் கண்மாய்க்குப் பக்கத்தில் வளர்ந்தவன் நான், அந்த வாடை எனக்குத் தெரியும். இனி அந்த இடம் வேண்டாம்.

ஆனா மருமகள் அக்கா சொன்ன நாற்காலி விஷயம் வீட்டுக்காரி மனசில் நின்னுட்டு. பெருவிளை இடத்துக்கும் போய் டேப் வச்சு அளந்தோம். பாதை தொடக்கத்தில் ஏழே முக்கால் அடி, நடுவில் எட்டு, கடைசியில் எங்க மனைக்கிட்ட ஒன்பதரை. ஒரே பாதை எப்படி மூணு அகலம்? விக்கிற பெரியவர் மூலப்பத்திரத்தோட ஜெராக்ஸ் கொடுத்தார். தமிழ்லதான் இருக்கு, ஆனா தேதி "1112 மகரம் 14"ன்னு போட்டிருக்கு. விலை ரூபாயிலும் சக்கரத்திலும் எழுதியிருக்கு. வடக்கு எல்லைக்கு "இடவழி"ன்னு இருக்கு. இதெல்லாம் என்ன கணக்கு?


சானல் லஸ்கர்

தம்பி, பையனுக்கு என் சந்தோஷத்தைச் சொல்லுங்க. மடையைக் கண்டுபிடிக்கக் கண்ணு வேணும், அவனுக்கு இருக்கு.

1112 என்பது கொல்லம் ஆண்டு. நாங்க 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோட சேர்ந்தவங்க. அதுக்கு முன்னால திருவிதாங்கூர், அங்கே பத்திரம் எல்லாம் கொல்லத்தில்தான் எழுதுவாங்க. சிங்கத்தில், அதாவது ஆவணியில், வருஷம் பிறக்கும். சிங்கத்திலிருந்து டிசம்பர் வரைன்னா 824 கூட்டணும், ஜனவரிக்குப் பிறகுன்னா 825. மகரம் நம்ம தை. அப்ப உங்க பத்திரம் 1937 ஜனவரி கடைசியில் எழுதினது. சக்கரம் திருவிதாங்கூர் காசு, இருபத்தெட்டு சக்கரம் ஒரு ரூபாய். பயப்பட ஒண்ணுமில்லை, நல்ல பழைய பத்திரம். அதிலிருந்து இன்னைக்கு வரைக்கும் கை மாறினது எல்லாம் சங்கிலி மாதிரி தொடர்ந்து வருதான்னு மட்டும் வக்கீலிட்டக் காட்டிப் பாருங்க, வில்லங்கமும் போட்டுப் பாருங்க.

இப்ப இடவழி. அதுதான் உங்க பாதை. நீங்க அளந்ததில் மனைக்கிட்ட ஒன்பதரை, தொடக்கத்தில் ஏழே முக்கால்னு சொன்னதும் எனக்கு ஒரு சந்தேகம். எங்க விளைகளில் முன்னால காம்பவுண்டு கெடையாது. கிளுவை வேலி, இல்லைன்னா மண்கையாலைன்னு சொல்லுற மண்சுவர். அதை எடுத்துட்டுச் சுவர் கட்டும்போது ஆளுக்கு அரையடி வெளியே தள்ளிக் கட்டினவங்க உண்டு. சர்வேயில் அளந்து வரைஞ்ச புலப்படத்தில் அந்த இடவழிக்கு எவ்வளவு அகலம் போட்டிருக்குன்னு பார்த்தாத்தான் தெரியும். அதில் பத்தடியோ பன்னிரண்டடியோ இருந்தா உங்களுக்குக் கேக்க உரிமை இருக்கு. சண்டைக்குப் போகாதீங்க. அந்த வழியில் எத்தனை வீட்டில் வயசானவங்க இருக்காங்கன்னு பார்த்து அவங்களையும் சேர்த்துக்கிட்டுப் பேசுங்க. மருமகள் அம்மா சொன்ன நாற்காலியைச் சொல்லுங்க. தொடக்கத்தில் இருக்கிற அந்தக் குறுகலான இடத்தில் ஒரு முழம் விட்டுக் கொடுத்தாலே ஆம்புலன்ஸ் உள்ளே வந்துரும். எல்லாருக்கும் அது ஒரு நாள் தேவைப்படும். மருமகள் அம்மா, உங்க சொல் நியாயம். பாதையை நான் யோசிக்காம விட்டுட்டேன்.

சர்வே நம்பரைத் தனிச்செய்தியில் அனுப்புங்க. தாலுகா ஆபீசில் புலப்படத்துக்கு எழுதிக் கொடுத்து வாங்கி வையுங்க. சனிக்கிழமை காலையில் ஏழு மணிக்கு, வெயில் ஏறுறதுக்கு முன்னால, பெருவிளை முக்கில் நிக்கேன். புலப்படம் எனக்கு வாசிக்கத் தெரியும். நல்ல டேப் ஒண்ணு கொண்டு வாங்க, என் டேப்பில் முதல் ரெண்டு அடிக்கு எழுத்து அழிஞ்சுட்டு. கிணத்தில் விட்டுப் பார்க்க ஒரு வாளியும் கயிறும் நான் எடுத்துட்டு வாறேன். பையனையும் கூட்டிட்டு வாங்க.